மாட்டிடம் மேல்முறையீடு

மேவிஸ் ஹெப்டனின் முகம் யார் மனதிலும் தங்காது. லட்சணம் இல்லாத முகம் என்று சொல்ல முடியாது. மூக்கும் முழியும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன. ஆனாலும் அவளோடு பேசிவிட்டுத் திரும்பியவரிடம் "யார் அது?" என்று கேட்டால் "யாரோ ஒரு பெண்" என்றுதான் பதில் வரும். ஞாயிறுதோறும் தேவாலய வாசலில் நின்று கைகுலுக்கும் போதகர் அவளிடம் "ஊருக்குப் புதுசாம்மா?" என்று மூன்று முறை கேட்டிருக்கிறார். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும் அவர்தான்.

இங்கிலாந்தில், கார்ஷா என்ற அந்த யார்க்‌ஷயர் ஊரில் கம்பளி மில்கள்தான் எல்லாம். மேவிஸ் மட்டும் மில்லுக்குப் போகாமல், யுத்தத்தின் இரண்டாம் வருஷம் டவுன் ஹாலின் சுகாதாரப் பிரிவில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாள். அப்பா இல்லை. அம்மாவும் அவளும் ரயில் பாலத்துக்கு அடியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். ரயில் போகும்போது தேநீர்க் கோப்பைகள் தாமாகவே கொஞ்சம் நகர்ந்து உட்காரும்.

அவளுடைய மேலதிகாரி சுகாதார ஆய்வாளர் டன்வெல். ஆறடி உயரம், கறுப்புத் தொப்பி, நெட்டைச் சைக்கிள். அவருடைய மணிச் சத்தம் மார்க்கெட் தெரு முனையில் கேட்டால் போதும், தெருக்கோடிக் கறிக்கடையில் சாஸேஜ் மேல் ஈ மொய்க்காதபடி மூடி ஏறிவிடும். வினிகர் ஜாடி மாறிவிடும். ஒரு கடைக்காரன் நல்ல இஞ்சிப் பொடியை அவருக்காகவே தனி டப்பாவில் வைத்திருந்தான் என்று பேச்சு. யுத்தம் ஓய்ந்திருந்தாலும் பஞ்சம் ஓயவில்லை. இறைச்சிக்கு ரேஷன், வெண்ணெய்க்கு ரேஷன். ரேஷன் இல்லாத பொருளிலோ என்ன கலந்திருக்கிறது என்று செய்தவனுக்கே சரியாகத் தெரியாத காலம்.

ஒரு நாள் டன்வெல் ஏதோ ஒரு கோப்பு கேட்டு மேவிஸின் மேஜைக்கு வந்தார்.

"மிஸ்... மிஸ்..."

"ஹெப்டன் சார்."

"எத்தனை நாளா இங்க வேலை பாக்கறீங்க?"

"நாலு வருஷம் ஆச்சு."

அவர் வெட்கப்படவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு அவளையே பார்த்தார். காணாமல் போன திறவுகோல் சட்டைப் பையிலேயே கிடந்ததைக் கண்டவரைப் போல அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

அடுத்த வியாழக்கிழமையிலிருந்து கடைக்குப் போகிறவள் மேவிஸ் ஆனாள். கையில் கூடை, தலையில் பழுப்புத் தொப்பி. வரிசையில் நிற்பாள், கேட்டு வாங்குவாள். பொருள் கைக்கு வந்தவுடன் டன்வெல் உள்ளே வருவார். "இது பரிசோதனைக்காக வாங்கினது" என்பார். வாங்கியதை மூன்று பங்காக்கி மூன்று ஜாடியில் போட்டு அரக்கு வைப்பார்கள். ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று பகுப்பாய்வாளருக்கு, ஒன்று கோர்ட்டில் வழக்காடும் நாள் வந்தால் காட்ட. கடைக்காரர் அரக்கை வெறித்துப் பார்ப்பார். மேவிஸைப் பார்க்க மாட்டார். ஆறு மாதம் கழித்து அதே கடைக்கு அதே தொப்பியோடு போனாலும் "என்னம்மா வேணும்?" என்றுதான் கேட்பார்.

அந்த வியாழக்கிழமைகள் அவளுக்குப் பிடித்திருந்தன. அது யாருக்கும் தெரியாது. வரிசையில் நிற்கும்போது அவள் தனக்குள் ஒரு வீட்டைக் கட்டிக்கொள்வாள். ஒரு பவுண்டு சாஸேஜ் கேட்கும்போது, மில்லிலிருந்து பசியோடு வரும் ஒருவருக்கு அதை வறுக்கப் போகிறவள் அவள். இஞ்சிப் பொடி வாங்கினால், சளி பிடித்த ஒரு பிள்ளைக்கு அன்று கேக் சுட வேண்டும். பக்கத்தில் நிற்பவள் "எத்தனை பேருக்கு வாங்கறே?" என்று கேட்டால் "நாலு பேருக்கு" என்பாள். சொல்லும்போது அந்த நாலு பேரும் அவளுக்கு நன்றாகத் தெரிவார்கள். சமையலறை ஜன்னலில் என்ன நிறத் திரை என்பது வரைக்கும் தெரியும். பிறகு டன்வெல் வருவார், அரக்கு உருகும், சாஸேஜ் ஜாடிக்குள் போய்விடும். அவள் வாங்கிய எதையும் இதுவரை யாரும் சாப்பிட்டதில்லை.

"கனவு கண்டுக்கிட்டே நடந்து எங்கயாவது டிராம்ல அடிபடப் போறே" என்பாள் அம்மா.

"ஊர்ல டிராமை நிறுத்தியே ரொம்ப நாளாச்சும்மா."

"அதான் சொல்றேன். அது கூடத் தெரியாம நடப்பே."

இப்படி இன்னொரு நாலு வருஷம் போயிற்று.

நாற்பத்தொன்பதாம் வருஷம், ஜூன் மாதம். ஊருக்குள் பால் நீலமாக இருக்கிறது என்று மிஸஸ் லிஸ்டர் என்ற பெண்மணி டவுன் ஹாலுக்கே வந்து புகார் சொன்னாள். ஆதாரமாக ஒரு குவளையும் கொண்டு வந்திருந்தாள். பால் ஊற்றுகிறவர் ரூபன் ஹேலி. மேட்டில் விண்ட்ஹே பண்ணையில் ஒன்பது மாடு வைத்திருக்கிறவர், தாமே கறந்து தாமே வண்டியில் கொண்டு வந்து வீடு வீடாக அளந்து ஊற்றுகிறவர். மிஸஸ் லிஸ்டரின் குவளையைப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பினார்கள். கொழுப்பு இருந்தது. கொழுப்பு போக மீதிச் சத்து நூற்றுக்கு எட்டரை பங்கு இருக்க வேண்டும், எட்டுக்கும் குறைவாக இருந்தது. தண்ணீர் கலந்த பாலாக இருக்கலாம் என்று சீட்டு வந்தது.

குவளைப் பால் வழக்குக்கு உதவாது, விற்கிறவர் கையிலிருந்தே முறைப்படி வாங்க வேண்டும். அதனால் ஒரு காலை ஏழு மணிக்கு மேவிஸ் மிஸஸ் லிஸ்டரின் வாசற்படியில் செம்போடு நின்றாள். டன்வெல் மூலைக்கு அப்பால் ஒரு சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தார். தெருவில் மெல்லிய மூடுபனி. குதிரையின் குளம்புச் சத்தம் முதலில் வந்தது, பிறகு குதிரை வந்தது, அதன் பிறகுதான் வண்டி முளைத்தது. வண்டியிலிருந்து இறங்கியவருக்கு நாற்பது நாற்பத்திரண்டு வயது இருக்கும். நீளமான கை, வெயிலில் வெளுத்த புருவம்.

"லிஸ்டரம்மா எங்க?"

"அவங்களுக்குச் சளி. நான் சொந்தக்காரி, பாத்துக்க வந்திருக்கேன்."

ரூபன் ஹேலி அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மார்ச் மாசம் நீங்க கோல்வில் கடையில வினிகர் வாங்குனீங்க" என்றார். "இதே தொப்பிதான். பக்கத்துல இருக்கிற இறகு அப்பவே ஒடிஞ்சிருந்துச்சு. நான் உங்களுக்குப் பின்னாடி நின்னேன்."

மேவிஸின் கையில் செம்பு கனத்தது. தெருவில் இருந்த ஒலிகளெல்லாம் எங்கேயோ தள்ளிப் போய்விட்டன.

"நாலு பேருக்கு வாங்கறேன்னு பக்கத்துல நின்னவங்ககிட்ட சொன்னீங்க. யாருக்கோ மீன் வறுத்து அதுமேல ஊத்தப் போறீங்கன்னு நெனச்சேன். நல்லா வறுப்பீங்கன்னு தோணுச்சு." அவர் குரலை உயர்த்தவில்லை. "பதினஞ்சு நாள் கழிச்சு கோல்விலுக்கு நோட்டீஸ் வந்துச்சு. சாயம் கலந்த புளிப்புத் தண்ணியை வினிகர்னு வித்தானாம்."

வண்டியில் இரண்டு கேன் இருந்தன. பால் தீர்ந்துவிட்டது என்று சொல்லி அவர் குதிரையைத் தட்டியிருக்கலாம். செய்யவில்லை. எல்லா வீட்டுக்கும் ஊற்றிக்கொண்டு வந்த அதே கேனை நீள மத்தால் நன்றாகக் கலக்கினார்.

"ஒரு பைன்ட்டா, ரெண்டா?"

"ரெண்டு" என்றாள் மேவிஸ்.

செம்பு நிறைந்ததும் டன்வெல் மூலையிலிருந்து வந்தார். மூன்று பாட்டில், அரக்கு, தீக்குச்சி. முதல் சீட்டில் வந்ததையும் சொன்னார்.

"தண்ணி ஊத்துனேங்கிறீங்களா?" என்றார் ரூபன்.

"நான் சொல்லல. கண்ணாடிக் குழாய் சொல்லுது."

"அப்படின்னா மாட்டைக் கேளுங்க."

அதற்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. விற்கிறவர் கேட்டால் ஆய்வாளர் தொழுவத்துக்கே போய், கண் முன்னால் கறக்கவைத்து, அந்தப் பாலையும் அனுப்ப வேண்டும். அலுவலகத்தில் இதை 'மாட்டிடம் மேல்முறையீடு' என்பார்கள். சொல்லும்போதெல்லாம் குமாஸ்தாக்கள் சிரிப்பார்கள். டன்வெல் சிரித்ததில்லை.

"நாளைக்குக் காலையில வர்றேன்" என்றார்.

கறக்கும் இடத்தில் இரண்டு சாட்சி வேண்டும். இன்னொரு ஆய்வாளர் பொன்னுக்கு வீங்கி வந்து படுத்திருந்தார். ஆகவே மறுநாள் விடியற்காலையில் மேவிஸும் மேடு ஏறினாள்.

நாலு மணிக்கே வெளிச்சம் வந்துவிட்டது, ஆனால் சூரியன் வரவில்லை. டன்வெல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். பாதையின் இரு பக்கமும் கல் அடுக்கிய வேலிகள். பாதி வழியில் அவள் திரும்பிப் பார்த்தாள். கார்ஷாவைக் காணோம். பள்ளத்தாக்கு முழுவதும் பனி, சட்டியில் காய்ச்சி ஆறவைத்த பால் போல அசையாமல் கிடந்தது. இருபத்து மூன்று மில் புகைபோக்கிகள் மட்டும் பாலாடை மேல் குத்தி நின்றன. கீழே எங்கேயோ அவள் மேஜையும் அம்மாவும் ரயில் பாலமும் இருக்கின்றன என்பதை அவளால் நம்ப முடியவில்லை.

தொழுவத்தில் இரண்டு வாசல். ஒன்றில் டன்வெல் நின்றார். இன்னொன்றில் மேவிஸுக்கு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டார் ரூபன். அவர் மாட்டின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு கறக்க ஆரம்பித்தார். வெறும் வாளியில் முதல் பீச்சல் கணீரென்று விழுந்தது. பிறகு பால் ஏற ஏற அந்தச் சத்தம் தணிந்து, நுரைக்குள் புதைந்து, கடைசியில் யாரோ தூக்கத்தில் பேசுவதைப் போல ஆனது. மாடுகளின் மூச்சு ஆவியாக எழுந்து ஓட்டுக்கு அடியில் தங்கியது. மேவிஸின் வேலை வாளியைப் பார்ப்பது. அவள் வாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பிடித்திருந்த முழங்கால்களும் கைகளும் அதற்குள் சேர்த்தி என்றே எண்ணிக்கொண்டாள்.

"இது பேர் என்ன?" என்று கேட்டாள். சாட்சி பேசக்கூடாது என்று விதியில்லை.

"விட்பி. அடுத்தது ஸ்கார்பரோ. அந்தக் கடைசியில நிக்கறது ஃபைலி, கொஞ்சம் உதைக்கும்."

"எல்லாம் கடற்கரை ஊராச்சே."

"ஆமாங்க. நான் போனதில்ல. காலையில ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை. நடுவுல கடலுக்குப் போயிட்டு வர நேரம் பத்தாது." அவர் நெற்றியை எடுக்காமலே கேட்டார். "ஃபைலி எப்படி இருக்கும்?"

அவள் வருஷத்துக்கு ஒரு வாரம் அம்மாவோடு ஃபைலிக்குப் போகிறவள். "தண்ணி ரொம்ப தூரத்துக்குப் போயிடும்" என்றாள். "ஈர மணல்ல வானம் கிடக்கும். அதுமேல நடக்கிறவங்களைப் பாத்தா தலைகீழா இன்னொருத்தர் அவங்களைத் தாங்கிக்கிட்டு நடக்கிற மாதிரி இருக்கும்."

ரூபனின் கை ஒரு கணம் நின்றது.

"கறக்கும்போது நிறுத்தக்கூடாது" என்றார் டன்வெல் மறுவாசலிலிருந்து.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. மாடுகளே மெலிந்த பாலைத்தான் கொடுத்திருந்தன. இரண்டு கோடையாக மழை வேண்டாத நேரத்தில் பெய்து வைக்கோல் கெட்டுப்போயிருந்தது. சத்துக் குறைவுக்கு அவர் பொறுப்பில்லை. ஆனால் பகுப்பாய்வாளர் இரண்டு பாலையும் பனிக்கட்டியாக உறையவைத்தும் பார்த்திருந்தார். தண்ணீர் கலந்திருந்தால் அதில் தெரிந்துவிடும். தொழுவத்துப் பாலில் தண்ணீர் இல்லை. வாசற்படிப் பாலில் நூற்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர் இருந்தது.

டன்வெல் ரூபனை அலுவலகத்துக்கு வரச் சொன்னார். ரூபன் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு பங்கு தண்ணீர் என்றதும் வெகுநேரம் யோசித்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார்.

"நீங்க எல்லாப் பண்ணைக்கும் அனுப்புனதுதான் இது. 'கேனைக் கொதிநீர் விட்டு அலசவும்.' தினமும் அலசறேங்க. அலசிட்டு அப்படியே பாலை ஊத்திடுவேன்."

"அலசிட்டுக் கவிழ்த்து வடிய விடணும்னும் போட்டிருக்கே."

"எங்க போட்டிருக்கு?"

டன்வெல் காகிதத்தை வாங்கிப் பின்பக்கம் திருப்பிக் காட்டினார். ரூபன் அதைப் படித்தார். அவர் காதுகள் சிவந்தன. "பின்னாடியும் எழுத்து இருக்கும்னு நெனைக்கலைங்க" என்றார்.

அறையின் ஓரத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த மேவிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அதைத் தட்டச்சு செய்தவள் அவள்தான். காகிதத் தட்டுப்பாட்டினால் இரண்டு பக்கமும் அடித்தாள். முன்பக்கம் 'அலசவும்' என்ற இடத்தில் சரியாக முடிந்துவிட்டது.

ரூபன் போன பிறகு டன்வெல் பேனாவைத் திறந்தார். "பத்தொன்பது வருஷமா கேக்காத சாக்குப்போக்கே இல்ல. மழை பெஞ்சு கேன்ல விழுந்துச்சுன்னு ஒருத்தன். மாடு ஆத்துல நின்னுச்சுன்னு ஒருத்தன். இது புதுசு, அவ்வளவுதான். ரெண்டு பங்குன்னாலும் தண்ணி தண்ணிதான் மிஸ் ஹெப்டன். சுகாதாரக் கமிட்டிக்கு வழக்குன்னே எழுதறேன்."

"சார், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அன்னிக்கு அவர் பால் ஊத்தறதுக்கு முன்னாடியே நான் யாருன்னு அவருக்குத் தெரியும். கோல்வில் கடையில என்னைப் பாத்திருக்கார். எனக்கு ஊத்தினா டவுன் ஹாலுக்குப் போகும்னு தெரிஞ்சுதான் அதே கேன்லேருந்து ஊத்தினார்."

டன்வெல் பேனாவைக் கீழே வைத்தார். வெளியே மில்களின் பன்னிரண்டு மணிச் சங்குகள் ஒன்றன் பின் ஒன்றாக ஊதி ஓய்ந்தன.

"இதை ஏன் அன்னிக்கே சொல்லல?"

வேலைக்குப் பயந்தேன் என்று சொல்லலாம். அது பாதி உண்மைதான்.

"நாலு வருஷத்துல முதல் தடவை சார்" என்றாள். "யாருமே இதுவரைக்கும்..."

டன்வெல் அவளை நெடுநேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்ததா என்பது அவளுக்குக் கடைசி வரை தெரியவில்லை. "அடையாளம் தெரிஞ்சுபோச்சுன்னா இனிமே உங்களைக் கடைக்கு அனுப்ப முடியாது, தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும் சார்."

அவள் சொன்னதை அறிக்கையில் அப்படியே எழுதினார். அதைப் படித்துவிட்டுக் கமிட்டி எச்சரிக்கை கொடுத்து விட்டுவிட்டது. கூடை, வரி வசூல் பிரிவில் இருந்த ஒரு விதவைக்குப் போயிற்று. வியாழக்கிழமைகளில் மேவிஸ் மேஜையிலேயே இருந்தாள். முதல் இரண்டு வாரம் மதியத்துக்கு மேல் அவளுக்குக் கை பரபரத்தது. ஜன்னல் வழியாக மார்க்கெட் தெருவைப் பார்த்தபடி, யாருக்கும் வாங்காத சாஸேஜை மனதுக்குள் வறுத்தாள்.

மூன்றாம் வியாழக்கிழமை ரூபன் ஹேலி டவுன் ஹால் கவுன்டருக்கு வந்தார். கையில் பால் பாட்டில். கட்டணம் கொடுத்தால் எந்தக் குடிமகனும் தன் பொருளைப் பரிசோதிக்கக் கேட்கலாம். அப்படி ஒரு விதி இருப்பது மேவிஸுக்கே மறந்துபோயிருந்தது. இருபது வருஷமாக அதை யாரும் கேட்டதில்லை.

"விண்ணப்பப் பாரத்தை ரெண்டு பக்கமும் படிச்சேன்" என்றார்.

அவள் அரக்கு வைத்தாள். அவர் அரக்கைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு வாரா வாரம் வந்தார். கெட்ட வைக்கோலுக்குப் பதில் ஆளி விதைப் பிண்ணாக்கு போடச் சொன்னார் டன்வெல். போட்டார். எட்டு என்று சீட்டு வந்தது. மூன்று வாரம் அதிலேயே நின்றது. பிறகு எட்டு புள்ளி ஒன்று. செப்டம்பரில் விட்பி கன்று போட்டதும் எட்டு புள்ளி இரண்டு. சீட்டைக் கவுன்டரில் வைத்து இருவரும் தலையைக் குனிந்து படிப்பார்கள். பேச்செல்லாம் மாட்டைப் பற்றித்தான். ஃபைலிக்கு மடியில் வெடிப்பு, ஸ்கார்பரோ வேலியைத் தாண்டிவிட்டது. வேறு எதையும் பேசியதாக அவளுக்கு நினைவில்லை. ஆனால் வியாழக்கிழமை இரவு படுக்கும்போது, அவள் கட்டி வைத்திருந்த வீட்டின் சமையலறையில் ஜன்னல் திரையைக் காணவில்லை. ஜன்னலுக்கு வெளியே கல்வேலியும் புல்மேடும் வந்திருந்தன.

எட்டரை வந்ததும் கேட்கலாம் என்று ரூபன் இருந்தாராம். எட்டு புள்ளி மூன்றுக்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"இன்னும் புள்ளி ரெண்டு குறையுது" என்றார் சீட்டைப் பார்த்துக்கொண்டே. "அதுவரைக்கும் காத்திருக்கணும்னா காத்திருக்கேன். இல்ல, இப்பவே வர்றீங்களா?"

"எங்க?"

"மேட்டுக்கு. வீட்டுக்கு. கல்யாணம் பண்ணிக்கிட்டு."

பின்னால் தட்டச்சு இயந்திரங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றுபோயின. மேவிஸ் பாட்டிலுக்கு அரக்கு வைத்து, பெயர்ச்சீட்டு ஒட்டி, தேதி எழுதினாள். எழுதி முடித்துவிட்டு "வர்றேன்" என்றாள்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் தேநீரை வைத்துவிட்டுக் கேட்டாள். "யாரு, அந்தத் தண்ணிப் பால்காரனா?"

"ரெண்டு பங்குதாம்மா."

"உன்னை அவன் எங்கடி பாத்தான்?"

"வினிகர் வரிசையில."

மேலே ரயில் போயிற்று. கோப்பைகள் நகர்ந்தன. "மேட்டுல ரயில் சத்தம் கேக்காதில்ல?" என்றாள் அம்மா. "அப்ப நானும் வர்றேன்."

ஏப்ரலில் கல்யாணம். இரண்டு கறவைக்கும் நடுவில் பதினொரு மணிக்கு வைத்துக்கொண்டார்கள். போதகர் மணப்பெண்ணின் கையைக் குலுக்கி, கார்ஷாவுக்கு நல்வரவு என்றார். விருந்து பண்ணையில்தான். பன்றித் தொடை, ஊறுகாய், முட்டை மிச்சம் பிடித்துச் செய்த கேக். நாலு மணிக்கு மாடுகள் கத்த ஆரம்பித்தன. மேவிஸ் புது உடை மேல் சாக்குத் துணியைக் கட்டிக்கொண்டு போய் ஃபைலியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கறக்க அப்போதுதான் பழகியிருந்தாள். முதலில் வரவில்லை. பிறகு வந்தது. வாளி கால்வாசி நிறைந்தபோது ஃபைலி உதைத்தது. பால் கல்தரையில் விரிந்து, வைக்கோலுக்குள் புகுந்து, சுவர் ஓரமாகப் போய்க் குட்டையாகத் தேங்கி நின்றது. திறந்த கதவுக்கு வெளியே இருந்த வானம், ஈர மணலில் கிடப்பது போல, அதில் வெள்ளையாகக் கிடந்தது. மேவிஸும் ரூபனும் எழுந்திருக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தேநீர்க் கோப்பையோடு வந்து வாசலில் நின்ற டன்வெலும் அதைப் பார்த்தார். உள்ளே வந்து குனிந்தார். நல்ல கால்சட்டையை முழங்காலில் தூக்கிக்கொண்டு தொழுவத் தரையில் வெட்டியிருந்த சாக்கடையின் ஓரத்தைத் தடவினார்.

"வாட்டம் சரியில்ல" என்றார். "இந்தக் கோடிக்கு ரெண்டு அங்குலம் இறங்கணும். இல்லன்னா எது கொட்டினாலும் இங்கயே நிக்கும்."

"நாளைக்கே பாக்கறேங்க" என்றார் ரூபன்.

"நாளைக்கு வேண்டாம். அடுத்த வாரம் போதும்" என்று சொல்லிவிட்டு, டன்வெல் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து, தேங்கிய பாலை வெளியே புல்லுக்குத் தள்ள ஆரம்பித்தார்.